சேர்ந்தது ஒரு நோய்க்கு, சாய்ப்பது இன்னொன்று: 48 மணி நேரத்துக்குப் பிறகு வரும் நிமோனியாவை யார் எண்ணுகிறார்கள்?

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நோயாளிக்குத் திடீரென மூச்சு வாங்க ஆரம்பிக்கிறது. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தாரு?" என்று கூட இருப்பவர்கள் கேட்கிறார்கள். "நெஞ்சுல சளி கட்டியிருக்கு" என்று பதில் வருகிறது. அவரைச் சேர்த்தது பக்கவாதத்துக்காக இருக்கலாம், பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதற்காக இருக்கலாம், கட்டுவிரியன் கடித்ததற்காக இருக்கலாம். அந்த முதல் கண்டம் தாண்டிவிட்டது என்று வீடு நம்பத் தொடங்கும் நேரத்தில்தான் இந்த 'சளி' வந்து நிற்கிறது.

சளி என்ற சொல் ரொம்பச் சாதுவானது. மருத்துவத்தில் இதற்குப் பெயர் மருத்துவமனையில் தொற்றும் நிமோனியா. மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரமோ அதற்கு மேலோ ஆன பிறகு, சேரும்போது இல்லாத நிமோனியா புதிதாக வந்தால் அது இந்த வகை. மூச்சுக்குழாயில் டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்து 48 மணி நேரம் தாண்டி வந்தால் அது வென்டிலேட்டர் சார்ந்த நிமோனியா. இரண்டும் பங்காளிகள். பின்னதுக்கு ஐசியுவில் கண்காணிப்பு உண்டு, ஆய்வுகள் உண்டு. முன்னது சாதாரண வார்டில், பெரும்பாலும் யாரும் பெயர் சொல்லாமலே வந்து போகிறது.

48 என்ற எண்

இந்த 48 தமிழ்நாட்டுக்குப் பழக்கமான எண்தான். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. உத்திரமேரூருக்குப் பக்கத்து ஊர் மாதிரி. நல்ல திட்டம். ஆனால் அந்த 48 முடிகிற இடத்தில்தான் நாம் பேசும் 48 தொடங்குகிறது. முதல் இரண்டு நாள் ரத்தப்போக்கும் மூளை வீக்கமும் ஆளைக் கொல்லப் பார்க்கும். அதற்குப் பிறகு வருவது கிருமி.

உத்திரமேரூரில் இருப்பது தாலுகா அளவிலான அரசு மருத்துவமனை. சாலவாக்கம், மானாம்பதி, பெருநகர் பக்கமிருந்து வருபவர்களுக்கு முதல் வாசல் அதுதான். தீவிர சிகிச்சை தேவைப்பட்டால் காஞ்சிபுரம் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ரெஃபர் செய்வார்கள். இரண்டுமே ஏறக்குறைய 30 கி.மீ. 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தபோது அரசு மருத்துவக் கல்லூரி செங்கல்பட்டு பக்கம் போய்விட்டது. அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்களில் காஞ்சிபுரமும் ஒன்று.

இப்போது ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆள் கற்பனை, பாதை உண்மை. 62 வயது விவசாயி ஒருவருக்குத் திங்கள்கிழமை விடியற்காலை ஒரு பக்கம் கை கால் வரவில்லை. காலை 8 மணிக்கு உத்திரமேரூரில் சேர்க்கிறார்கள். மதியம் காஞ்சிபுரம். நிலைமை மோசமாகி, செவ்வாய் இரவு 10 மணிக்குச் செங்கல்பட்டு. புதன் மாலை 6 மணிக்குக் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல். செங்கல்பட்டு கேஸ் ஷீட்டைப் பார்த்தால் அவர் சேர்ந்து 20 மணி நேரம்தான் ஆகிறது. 48 ஆகவில்லை, எனவே இது வெளியிலிருந்தே கொண்டுவந்த நிமோனியா என்று தோன்றும். உத்திரமேரூரில் அட்மிஷன் போட்ட நேரத்திலிருந்து எண்ணினால் 58 மணி நேரம்.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. வீட்டில் வரும் நிமோனியாவுக்கும் ஆஸ்பத்திரியில் வருவதற்கும் கிருமிகளே வேறு. வெளியில் பெரும்பாலும் நிமோகாக்கஸ் போன்றவை. வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்படும். உள்ளே கிளெப்சியெல்லா, அசினெடோபாக்டர், சூடோமோனாஸ், ஸ்டாபிலோகாக்கஸ். முதல் வகை என்று நினைத்து செப்ட்ரியாக்சோன் போட்டால், கிருமி அதைச் சட்டை செய்யாமல் இரண்டு நாள் வளரும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று எல்லோருக்கும் மெரோபெனம் போட்டால் அந்த மருந்தும் விரைவில் செத்துவிடும். எந்தப் பக்கம் போவது என்பதை, முதல் மருத்துவமனையில் எத்தனை மணிக்குச் சேர்ந்தார், அங்கே என்ன ஊசி போட்டார்கள் என்ற இரண்டு வரித் தகவல் தீர்மானிக்கிறது. அந்த இரண்டு வரி ரெஃபரல் சீட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நள்ளிரவில் 108 வாசலில் நிற்கும்போது அவசரமாக எழுதப்படும் சீட்டில் நோயின் பெயர் இருக்கும், ரத்த அழுத்தம் இருக்கும். 'ஊசி போடப்பட்டது' என்றும் இருக்கும். எந்த ஊசி?

கிருமி எப்படி உள்ளே போகிறது?

பலரும் நினைப்பதுபோல பக்கத்துக் கட்டில்காரர் இருமி, அது காற்றில் வந்து ஒட்டிக்கொள்வது இங்கே முக்கிய வழி இல்லை. பெரும்பாலும் கிருமி நோயாளியின் சொந்த வாயிலிருந்தே நுரையீரலுக்கு இறங்குகிறது.

ஆஸ்பத்திரியில் படுத்த சில நாட்களில் வாயில் குடியிருக்கும் கிருமிகள் மாறிவிடுகின்றன. பல் துலக்குவதில்லை, வாய் காய்ந்து கிடக்கிறது, ஏற்கெனவே போட்ட ஆன்டிபயாடிக் சாதுவான கிருமிகளைக் கொன்றுவிடுகிறது. அந்த இடத்தை ஆஸ்பத்திரிக் கிருமிகள் பிடித்துக்கொள்கின்றன. கைகள், சக்ஷன் குழாய், கட்டில் கம்பி என அவை வர வழிகள் பல. பிறகு விழுங்கும் திறன் குறைந்த நோயாளி தன் எச்சிலையே தூக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் இழுக்கிறார். நல்ல உடம்புக்காரருக்கும் இது கொஞ்சம் நடக்கும். இருமி வெளியே தள்ளிவிடுவார். பக்கவாதக்காரரால், மயக்கத்தில் இருப்பவரால் அது முடியாது.

இதோடு நம் ஊர்ப் பாசமும் சேர்ந்துகொள்கிறது. "ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடல, ரெண்டு வாய் கஞ்சியாவது போகட்டும்" என்று மல்லாந்து படுத்திருப்பவர் வாயில் கரண்டியை வைப்பது, சொட்டுச் சொட்டாக இளநீர் விடுவது. அன்புதான். ஆனால் விழுங்க முடியுமா என்று சோதிக்காமல் பக்கவாத நோயாளிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வாயும் வயிற்றுக்குப் போகிறதா நெஞ்சுக்குப் போகிறதா என்று சொல்ல முடியாது. நிமிர்த்தி உட்காரவைத்து, கொஞ்சம் தண்ணீர் கொடுத்து, இருமல் வருகிறதா, குரல் கரகரக்கிறதா என்று நர்ஸ் பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடம் போதும். தேறவில்லை என்றால் மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப். டியூப் இருந்தாலும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கணும். கட்டிலைத் தூக்கும் கைப்பிடி உடைந்திருந்தால் இரண்டு தலையணை, அதுவும் இல்லையென்றால் மடித்த போர்வை.

'கேஸ் ஊசி' பற்றியும் ஒரு வார்த்தை. சேர்ந்த எல்லோருக்கும் அமிலத்தைக் குறைக்கும் பான்டாப்ரசோல் போன்ற ஊசி போடுவது இங்கே கிட்டத்தட்ட சடங்கு. அமிலம் குறைந்தால் வயிற்றில் கிருமி வளர்கிறது. அது மேலே வந்தால் நுரையீரல் தூரமில்லை. அமெரிக்காவின் பாஸ்டனில் 60,000-க்கும் மேற்பட்ட அட்மிஷன்களை ஆராய்ந்து 2009-ல் வெளியான ஆய்வில், இந்த வகை மருந்து பெற்றவர்களிடம் மருத்துவமனை நிமோனியா சுமார் 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. தேவைப்படுவோருக்குக் கட்டாயம் கொடுக்கணும். எல்லோருக்கும் தேவைப்படாது.

வென்டிலேட்டர் பக்கம் நமக்கு அருகிலேயே ஒரு நல்ல ஆய்வு உண்டு. புதுச்சேரி ஜிப்மரில் நடந்து 2009-ல் வெளியானது. அங்கே இரண்டு ஐசியுக்களில், 1,000 வென்டிலேட்டர் நாட்களுக்கு முறையே சுமார் 31, 16 பேருக்கு இந்த நிமோனியா வந்தது. ஒரே வளாகம், ஒன்றில் மற்றதைப்போல இரண்டு மடங்கு! சீக்கிரமே வரும் நிமோனியாவுக்கு அவசரத்தில் டியூப் போட்டதும் நரம்பு வழி மயக்க மருந்தும் தனிக் காரணங்களாகத் தெரிந்தன. அவசரத்தில் டியூப் போடுவதைத் தவிர்க்க முடியாது. கட்டுவிரியன் கடித்து மூச்சுத் தசை செயலிழந்தவருக்கு அந்த டியூப்தான் உயிர். ஆனால் அப்படி வந்தவரை அடுத்த இரண்டு நாள் கூடுதல் சந்தேகத்தோடு பார்க்க முடியும். மயக்க மருந்தைத் தினமும் ஒருமுறை குறைத்து, 'இன்றைக்கு டியூப்பை எடுக்கலாமா' என்று கேட்கவும் முடியும்.

சீக்கிரம் கண்டுபிடிப்பது என்றால் என்ன?

எக்ஸ்ரேயில் புதிதாக ஒரு வெள்ளைத் திட்டு. கூடவே காய்ச்சல், வெள்ளை அணுக்களில் ஏற்ற இறக்கம், சீழ் போன்ற சளி ஆகியவற்றில் இரண்டு. பாடப்புத்தகம் இப்படிச் சொல்கிறது. நடைமுறையில் இவை எல்லாமே ஏமாற்றும். முதியவருக்குக் காய்ச்சலே வராமல் போகலாம். இதயம் தளர்ந்து நீர் கோத்தாலும் எக்ஸ்ரே வெள்ளையாகத்தான் தெரியும். படுத்த நிலையில் எடுத்த படத்தில் பாதி விஷயம் தெரியாது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் வருவது மூச்சு எண்ணிக்கை. நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சரி. 21-ஐத் தாண்டினால் ஏன் என்று கேட்கணும், 25-ஐ எட்டினால் டாக்டரைக் கூப்பிடணும். ஒரு முழு நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ண ஒரு கடிகாரம் போதும். உலகெங்கும் மருத்துவமனைகளில் மிக அலட்சியமாகப் பதிவாவதும் இதுதான்: எண்ணாமலே '18' என்றோ '20' என்றோ எழுதிவிடுவது எங்கும் உள்ள பழக்கம். ரத்த அழுத்தத்துக்கு மெஷின் உண்டு, ஆக்சிஜனுக்கு விரலில் மாட்டும் கருவி உண்டு. மூச்சை எண்ண ஆள்தான் வேணும். ஆக்சிஜன் அளவு 92-க்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்தால், அது 'சீக்கிரம்' இல்லை.

இன்னொரு அடையாளம், புதிதாக வரும் குழப்பம். நேற்று மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் இன்று 'நீ யாரு' என்கிறார், வெறுமனே உளறுகிறார். இதை நர்ஸைவிட முதலில் கவனிப்பது கூட இருக்கும் வீட்டுக்காரர்தான். "வயசாயிடுச்சு, அப்படித்தான் பேசுவாரு" என்று விடாமல் சொல்லிவிட வேண்டும்.

ஒரு வார்டில் எத்தனை நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்ற கணக்கு இங்கேதான் உயிர்க்கணக்காகிறது. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அங்கே நடந்த ஆதுலசாலையில் 15 படுக்கை, ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மருந்து கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள் என்று சம்பளத்தோடு கல்லில் வெட்டியிருக்கிறார்கள். 15 பேருக்கு இரண்டு பேர். உத்திரமேரூர் என்றால் குடவோலைக் கல்வெட்டை மட்டும் பேசும் நமக்கு, பக்கத்திலேயே இருக்கும் இந்தக் கல்வெட்டும் நினைவிருக்கலாம். இரவு நேரத்தில் ஒரு பொது வார்டில் இன்று எத்தனை பேருக்கு எத்தனை பேர் என்று போய் எண்ணிப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் புரியும்.

மருந்து எது, எத்தனை நாள்?

சந்தேகம் வந்தவுடன் முதலில் சளி மாதிரியும் ரத்த மாதிரியும் எடுக்கணும், பிறகு ஆன்டிபயாடிக். இந்த வரிசை மாறினால் கல்ச்சரில் ஒன்றும் வளராது. அதற்காக, நோயாளி அபாயத்தில் இருக்கும்போது மாதிரி கிடைக்கவில்லை என்று மருந்தைத் தள்ளிப்போடுவதும் தவறு. கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை ஊகம்தான். அந்த ஊகம் எதன் மேல் நிற்கிறது என்றால், அந்த மருத்துவமனையில் எந்தக் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்ற உள்ளூர்ப் பட்டியல் மேல்.

அந்தப் பட்டியல்தான் நம் ஓட்டை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளில் நிலவரம் பயமுறுத்துகிறது. அசினெடோபாக்டர் கிருமிகளில் 10-ல் 8-க்கும் மேல் மெரோபெனம் போன்ற கடைசிக்கட்ட மருந்துகளுக்கே அசைவதில்லை. கிளெப்சியெல்லாவில் பாதிக்கும் மேல். ஆனால் அந்த எண்கள் வேலூர் சிஎம்சி, ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகளிலிருந்து வருபவை. மிகச் சிக்கலான நோயாளிகள் வந்து சேரும் இடங்கள் அவை. காஞ்சிபுரம் வார்டில் உள்ள கிருமியும் அதே அளவு முரண்டு பிடிக்கிறதா? இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் அங்கே தேவைக்கு மேல் பலமான மருந்து போடுகிறோம். அல்லது இன்னும் மோசமாக இருக்கலாம். எண்ணாதவரை இரண்டுமே ஊகம்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதையில் நீண்ட பங்கு உண்டு. 2010-ல் உலகைக் கலக்கிய 'நியூ டெல்லி' மரபணு, அதாவது என்டிஎம்-1 பற்றிய லான்செட் ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் பணியாற்றிய குமாரசாமி கார்த்திகேயன். அதில் சென்னையிலிருந்து மட்டும் 44 கிருமி மாதிரிகள். பெயர்ப் பஞ்சாயத்தில் போன நேரத்தில் பாதி கிருமிக் கண்காணிப்புக்குப் போயிருக்கலாம். 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014 மார்ச்சில் எச்-1 அட்டவணை வந்து, பல ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றானது. 2024-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்ற என்மெட்டாசோபாக்டம் என்ற மூலக்கூறு சென்னையின் ஆர்க்கிட் நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. செஃபிபைமோடு சேர்த்து ஐரோப்பாவில் மருத்துவமனை நிமோனியாவுக்கும் அனுமதி உண்டு. பெருமைதான். ஆனால் என்டிஎம் வகைக் கிருமியிடம் அதுவும் வேலை செய்யாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எத்தனை நாள்? பெரும்பாலானோருக்கு ஏழு நாள் போதும் என்பது 2016-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல். அதெல்லாம் அங்கே, நம் கிருமிக்கு 14 நாள் வேணும் என்ற வாதத்துக்கு 2024-ல் பதில் வந்தது: நேபாளம், தாய்லாந்து, சிங்கப்பூர் மருத்துவமனைகளில் வென்டிலேட்டர் நிமோனியாவுக்கு நடந்த சோதனையில், நோயாளி தேறியதும் ஏழு நாளுக்குள் நிறுத்தியவர்கள், நீண்ட நாள் மருந்து பெற்றவர்களைவிட மோசமாகவில்லை. மருந்தின் பக்கவிளைவு குறைந்தது. கல்ச்சர் முடிவு வந்ததும் பலமான மருந்திலிருந்து குறுகிய மருந்துக்கு மாறுவது, கிருமியே இல்லை என்றால் நிறுத்துவது, இதற்கு ஆரம்பிப்பதைவிடக் கூடுதல் தைரியம் வேணும். "நல்லா இருக்கும்போது ஏன் டாக்டர் ஊசியை நிறுத்துறீங்க?" என்று வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வராமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

ஒரு பல்துலக்கியின் விலை

தடுப்பதில் மிக மலிவான ஆயுதம் பிரஷ். 2023 டிசம்பரில் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் 15 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வு வந்தது. தினமும் பல் துலக்கிவிடப்பட்ட நோயாளிகளிடம் மருத்துவமனை நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைவு. பலன் முக்கியமாகத் தெரிந்தது வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம். ஐசியு மரணமும் குறைந்தது. நம் ஐசியுக்களில் வழக்கமாகப் பஞ்சில் நனைத்து வாயைத் துடைக்கும் குளோர்ஹெக்சிடின் திரவத்தை அமெரிக்கத் தொற்றுத்தடுப்புச் சங்கங்களின் 2022 பரிந்துரை கைவிடச் சொல்லிவிட்டது. பிரஷ்ஷை வைத்துக்கொள்ளச் சொல்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலும் ஒரு சேலம் உண்டு. அங்குள்ள முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் நர்ஸ்கள் 2016-ல் தொடங்கிய பல் துலக்கும் திட்டம் பின்னர் அந்நாட்டின் மற்ற ராணுவத்தினர் மருத்துவமனைகளுக்கும் பரவியது. சாதாரண வார்டு நோயாளிகளுக்கு என்றே தொடங்கப்பட்டது அது.

கை கழுவுவதையும் சொல்லாமல் விட முடியாது. தீவிர சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் 100 பேரில், பணக்கார நாடுகளில் 7 பேருக்கும் மற்ற நாடுகளில் 15 பேருக்கும் குறைந்தது ஒரு மருத்துவமனைத் தொற்று வருகிறது என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. நம் மாவட்டத்தின் எண் என்ன? எய்ம்ஸ் தலைமையில் இயங்கும் தேசியக் கண்காணிப்பு வலையமைப்பு எண்ணுவது பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளின் ஐசியுக்களை. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. கடித்தது பதிவாகும். கடித்தவர் பிழைத்து, வென்டிலேட்டரில் ஐந்தாம் நாள் நிமோனியா வந்தால், அதைப் பதிய அப்படியொரு கட்டாயம் இல்லை. இறப்புச் சான்றில் 'இதயமும் மூச்சும் நின்றன' என்று இருந்தால், நடுவில் நடந்தது அழிந்தே போகிறது. நேர்மையாக எண்ணும் மருத்துவமனைதான் மோசமாகத் தெரியும் என்ற பயமும் இதில் இருக்கிறது. ஜிப்மர் எண்ணி வெளியிட்டதால்தான் அதன் எண் நமக்குத் தெரிகிறது; எண்ணாத இடத்தில் குறைவு என்று பொருள் இல்லை.

உத்திரமேரூர் - காஞ்சிபுரம் - செங்கல்பட்டு பாதைக்கு உடனே தேவைப்படுவது புதுக் கட்டடம் இல்லை. ரெஃபரல் சீட்டில் மூன்று கட்டங்கள்: முதலில் சேர்ந்த தேதி, மணி, இதுவரை போட்ட ஆன்டிபயாடிக்கின் பெயர், எத்தனை வேளை, டியூப் போட்டிருந்தால் போட்ட மணி. நான்காவதாக, விழுங்கும் சோதனை செய்தாச்சா என்று ஒரு டிக். மாவட்ட சுகாதார நிர்வாகம் நினைத்தால் அடுத்த அச்சடிப்பிலேயே சேர்த்துவிடலாம்.

அதுவரை வீட்டுக்காரர்கள் ஒரு வேலை செய்யலாம். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் தந்த சீட்டு, மருந்துக் குறிப்பு எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். வீடு திரும்பிய பிறகும் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தூக்கிப் போடாதீர்கள். கடந்த 90 நாளுக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் போட்டிருந்தால், அடுத்த முறை நிமோனியா வரும்போது மருந்தே கட்டுப்படாத கிருமி இருக்க வாய்ப்பு அதிகம். மூன்று மாதத்துக்குள் திரும்பவும் சேர்க்க நேர்ந்தால், கேட்காவிட்டாலும் அந்தக் காகிதத்தை முதலில் நீட்டுங்கள்.